கட்டம் போட்ட படத்துக்கு மேல் பக்கம் எது?

சாமியும் இல்லை, ஆளும் இல்லை! வீட்டுச் சுவருக்கு வந்த "டிசைன் படம்"
வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம். சாயங்கால நேரம். மேலூர் பஸ்சில் கூட்டம் முண்டியடிக்கிறது. நடுவே ஒரு வாலிபர், மூன்றடி உயரப் படம் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி படியில் கால் வைக்கிறார். பழைய பேப்பர் சுற்றி, சணல் கட்டிய படம்.

"பாத்து ஏறுங்கண்ணே, கண்ணாடி இருக்கு!"

"என்ன சாமி படம் தம்பி?" என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் விசாரிக்கிறார். பேப்பர் கிழிந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறார். ஒரு சிவப்புக் கட்டம். ஒரு மஞ்சள் கட்டம். குறுக்கும் நெடுக்கும் கறுப்புக் கோடு. அவ்வளவுதான்!

"சாமி படம் இல்லங்க. ஹால்ல மாட்டுற டிசைன் படம்."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. "இதுக்கா பிரேம் போட்டாங்க?" என்று முகம் மட்டும் கேட்கிறது.

இப்படி ஒரு காட்சி இன்று அதிசயம் அல்ல. வட்டம், சதுரம், முக்கோணம், கோடு மட்டுமே உள்ள படங்கள் மதுரை வீடுகளுக்குள் நுழைந்து விட்டன. லாட்ஜ் வரவேற்பறை, பல் டாக்டரின் காத்திருப்பு அறை, புது அபார்ட்மெண்ட் ஹால் என்று எங்கும் அவை தொங்குகின்றன. யார் வரைந்தது? அசலா, அச்சா? கொடுத்த பணம் யாருக்குப் போனது? மாட்டியவர்களில் பலருக்கே தெரியாது.

இதில் ஏமாறவும் இடம் இருக்கிறது. ரசிக்கவும் இடம் இருக்கிறது. விவரம் வருமாறு:-

மாடு நின்ற இடம்

மாட்டுத்தாவணி என்ற பெயரே ஒரு கோட்டில் பிறந்த பெயர்தான்! தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிடித்துக் கட்டும் நீளக் கயிறு. அப்படிக் கட்டி வைத்து விற்கும் சந்தைக்கும் அதுவே பெயர் ஆயிற்று. மாட்டுச் சந்தை நடந்த இடத்துக்கு 1999-ல் பஸ் நிலையம் வந்தது. பிறகு பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், ஆம்னி பஸ் நிலையம் என்று வட்டாரமே மாறி விட்டது.

கடனை வாங்கி வீடு கட்டுகிறார்கள். சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சோபா வாங்குகிறார்கள். சோபாவுக்கு மேலே சுவர் மொட்டையாக நிற்கிறது. பூஜை அறை தனியாக இருப்பதால் சாமி படம் அங்கே போய் விடுகிறது. ஹாலுக்கு என்ன? அங்கேதான் டிசைன் படம் வருகிறது.

சுவரில் அன்று இருந்தவர்கள்

அச்சடித்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது மதுரைப் பக்கத்துக்குப் புதிது அல்ல.

திருவாங்கூர் ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அரண்மனைக்காரர்கள் மட்டும் பார்த்த லட்சுமியும் சரஸ்வதியும் கல்லச்சில் ஏறி, ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். அந்த அச்சகம் பிறகு லோனாவாலா அருகே மளவலிக்கு மாறியது. 1972-ல் தீப்பிடித்து எரிந்தது. அச்சகம் போனாலும் அதன் படங்கள் வீடுகளில் நின்று விட்டன.

தெற்கே கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு இருந்தார். 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து கொண்டே ஊர் ஊராக வந்தவர், கோவில்பட்டியில் தங்கி விட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி நாடு முழுவதும் போயின. அவர் 1976-ல் காலமானார்.

வருஷம் முடிந்ததும் காலண்டரில் தேதித்தாளைக் கிழித்து எறிவார்கள். படத்தை எறிய மனசு வராது. வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். அது அச்சு என்று எல்லாருக்கும் தெரியும். "அசலா?" என்று யாரும் கேட்டதில்லை. யாரும் பொய் சொல்லி விற்றதும் இல்லை.

அச்சுப் படம் மாட்டுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அச்சை அசல் என்று சொல்வதில்தான் தப்பு இருக்கிறது.

"இதுல என்னத்தா இருக்கு?"

டிசைன் படம் வீட்டுக்கு வந்ததும் முதல் விசாரணை மாமியாரிடம் இருந்துதான் வரும்.

"ஏத்தா, இதுல என்ன இருக்கு? ஒரு பூவு இல்ல, ஒரு பொம்ம இல்ல. வெறுங் கட்டத்துக்குப் போயி காசக் குடுத்துட்டு வந்திருக்கீக?"

"அழகா இருக்குல்ல அத்தை?" என்பதற்கு மேல் மருமகளால் சொல்ல முடியாது.

ஆனால் பதில் அந்த மாமியாரின் கையிலேயே இருக்கிறது. காலையில் வாசல் தெளித்து அவர் போட்ட கோலம் என்ன? புள்ளி வைத்தார். புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்தார். சிக்குக் கோலத்தில் பூவும் இல்லை, பொம்மையும் இல்லை. கோடு தொடங்கிய இடத்தில் வந்து முடிகிறதா என்பதுதான் கணக்கு. ஒரு புள்ளி தப்பினால் மொத்தமும் கெடும். அதை அவர் ஒருநாளும் "வெறுங் கோடு" என்று சொன்னதில்லை.

இந்தக் கணக்கை விஞ்ஞானிகளே ஆராய்ந்திருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1970-களில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை எடுத்துக் கொண்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்று காட்டினார்கள். 1974-ல் வந்த அவர்களுடைய கட்டுரையை இன்றும் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிப்பவர்கள் புரட்டுகிறார்கள்.

அவர் உடுத்தும் சேலை? மதுரைச் சுங்குடி என்றால் துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்த புள்ளிகள்தான். சௌராஷ்டிர மக்கள் வளர்த்த இந்தத் தொழிலுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடிக் கண்டாங்கியில் கட்டமும் கோடும் தவிர வேறு என்ன?

வாசலிலும் உடம்பிலும் இருந்த கட்டம், இப்போது சுவரில் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான் புதுமை.

சாமி மூலையில் கறுப்புச் சதுரம்

வெளிநாட்டில் இந்தப் படங்கள் வந்தபோது நம்ம ஊர் மாமியாரை விட அதிகமாகவே சண்டை போட்டார்கள்.

ரஷ்யாவில் காசிமிர் மாலெவிச் என்று ஓர் ஓவியர். 1915 டிசம்பரில் பெட்ரோகிராடு நகரக் காட்சியில் ஒரு படத்தை வைத்தார். வெள்ளைப் பரப்பில் ஒரு கறுப்புச் சதுரம். வேறு ஒன்றும் இல்லை!

அதை மாட்டிய இடம்தான் பரபரப்பை உண்டாக்கியது. ரஷ்ய வீடுகளில் இரண்டு சுவர் சேரும் மேல் மூலையில்தான் சாமி படத்தை வைப்பார்கள். மாலெவிச் அதே மாதிரி மூலையில் கறுப்புச் சதுரத்தைத் தூக்கி வைத்தார். சாமி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமா என்று கொதித்தார்கள்.

அந்தப் படம் இன்று மாஸ்கோவில் டிரெட்டியாகோவ் கூடத்தில் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து, 2015-ல், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கறுப்புக்கு அடியில் வண்ண வண்ணமாக வேறு ஓவியங்கள் மறைந்திருப்பது தெரிய வந்தது.

75 வருஷம் தலைகீழ்!

பிரேம் போடும் தொழிலாளியிடம் டிசைன் படத்தைக் கொடுத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"அண்ணே, எது மேல் பக்கம்? கொக்கிய எங்க அடிக்க?"

சிரிக்க வேண்டாம். ஜெர்மனியில் பெரிய மியூசியத்துக்கே இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் போயிற்று!

ஹாலந்து நாட்டு ஓவியர் பீட் மோந்திரியான். 1872-ல் பிறந்தவர். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. நெட்டுக் கோடு, படுக்கைக் கோடு. இவற்றைத் தவிர எதுவும் வேண்டாம் என்று பல வருஷம் பிடிவாதமாக வரைந்தவர். மாட்டுத்தாவணி பஸ்சில் வாலிபர் கொண்டு போன படம் மாதிரி எதைப் பார்த்தாலும், அதற்குத் தாத்தா இந்த மோந்திரியான்தான்.

1941-ல் நியூயார்க்கில் இருந்தபோது வண்ணக் காகித நாடாக்களை ஒட்டி ஒரு படம் செய்தார். 1944-ல் அவர் இறந்து விட்டார். 1945-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் அந்தப் படத்தை மாட்டினார்கள். 1980-ல் இருந்து அது ஜெர்மனியில் டுசல்டார்ப் நகரில் இருக்கிறது.

2022-ல் அங்கே ஒரு கண்காட்சிக்காக ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. ஓவியர் இறந்த பிறகு அவருடைய அறையில் எடுத்த பழைய போட்டோ ஒன்றில், நாடாக்கள் நெருக்கமாக இருக்கும் பக்கம் மேலே இருக்கிறது. மியூசியத்தில் அது கீழே இருக்கிறது! 75 வருஷத்துக்கு மேல் படம் தலைகீழாகத் தொங்கியிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

சரி, திருப்பி மாட்டினார்களா? இல்லை! நாடாக்கள் பழசாகி விட்டன. இப்போது திருப்பினால் உதிர்ந்து விடும் என்று பயந்து அப்படியே விட்டு விட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில சதுரப் படங்களை மூலை மேலே இருக்கும்படி, பட்டம் மாதிரி மாட்ட வேண்டும் என்றே மோந்திரியான் செய்திருக்கிறார். அதை நேராக நிமிர்த்தி மாட்டினால் கோடெல்லாம் சாய்ந்து விடும்.

ஒரு புள்ளிக்கு 51 கோடி

நம் நாட்டில் இந்த வகைக்குப் பெரிய பெயர் சையது ஹைதர் ராசா. மத்தியப் பிரதேசத்தில் பாபாரியா கிராமத்தில் 1922-ல் பிறந்தவர்.

சின்ன வயசில் பையனுக்குப் படிப்பில் மனசு நிற்கவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். "இதையே பார்த்துக்கிட்டு உக்காரு" என்று சொல்லி விட்டார். அந்தப் புள்ளி ராசாவை விடவே இல்லை. பாரிசில் பல வருஷம் இருந்து விட்டு, பிற்காலத்தில் "பிந்து" என்று அந்தப் புள்ளியையே வரைந்தார். கறுப்பு வட்டம், அதைச் சுற்றிச் சதுரமும் முக்கோணமும்.

2023-ல் மும்பை ஏலம் ஒன்றில், அவர் 1989-ல் வரைந்த இப்படிப்பட்ட படம் 51 கோடியே 75 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று.

விலை ஏறினால் போலி வரும். 2009-ல் டெல்லியில் ராசாவின் ஓவியக் காட்சி ஒன்று ஏற்பாடாயிற்று. அவரையே அழைத்திருந்தார்கள். வந்து சுவரைப் பார்த்த ராசாவுக்கு அதிர்ச்சி. அங்கே இருந்தவற்றில் பெரும்பாலானவை அவர் வரைந்தவையே அல்ல! காட்சி நிறுத்தப்பட்டது. ராசா 2016-ல் டெல்லியில் காலமானார்.

வரைந்தவர் உயிரோடு இருக்கும்போதே, அவரை அழைத்து வைத்துக் கொண்டே இப்படி நடந்திருக்கிறது. பேரே எழுதாத படத்தை வாங்குகிறவர் எதைப் பார்த்து நம்புவார்?

நம்ம பக்கத்து ஆட்கள்

இந்த வகைப் படத்துக்கு வெளியூரையே பார்க்க வேண்டியதில்லை. சென்னை அருகே கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல் உருவானது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அதற்குத் தலைமை தாங்கினார்.

ஓவியர்களிடம் பணம் இல்லை. பட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வாங்கிக் குடிசை போட்டார்கள். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொண்டார்கள்.

பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய "சொல்லும் குறியும்" வரிசைப் படங்களில் ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், எழுத்து மாதிரிக் கீறல்கள், முக்கோணங்கள் வருகின்றன. எழுத்து போலத் தெரியும், படித்தால் படிக்க முடியாது! அவர் 1977-ல் காலமானார். அதே கிராமத்தின் கே.வி. அரிதாசன் யந்திரத் தகடுகளில் உள்ள வட்டத்தையும் முக்கோணத்தையும் கொண்டு "பிரம்மசூத்ரா" என்று ஒரு வரிசையே வரைந்தார்.

மதுரைக்குப் பக்கத்திலேயே தேவகோட்டையில் 1957-ல் பிறந்தவர் ஆர்.எம். பழனியப்பன். கோடும் எண்ணும் கொண்டு அச்சுக்கலையில் பெயர் வாங்கியவர்.

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும்.

அச்சிலே இரண்டு சாதி

"அச்சு" என்று சொன்னால் எல்லாம் ஒன்று அல்ல.

ஓவியரே செப்புத் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றி எடுப்பது ஒரு வகை. இருபது தாள் எடுத்தால் இருபதுமே அசல்தான். ஓரத்தில் பென்சிலால் கையெழுத்து இருக்கும். 5/20 என்று எண் இருக்கும். இருபதில் இது ஐந்தாவது என்று அர்த்தம். எடுத்து முடிந்ததும் தகட்டில் கீறி விடுவதும் உண்டு. மேற்கொண்டு எடுக்க முடியாது. பழனியப்பன் போன்றவர்கள் செய்வது இது.

இன்னொரு வகை, ஏற்கனவே வரைந்த ஓவியத்தைப் போட்டோ எடுத்து மிஷினில் அடிப்பது. ஆயிரம் வேண்டுமா, ஆயிரம் அடிக்கலாம். கடையில் கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாம் இந்த வகைதான். "ஜிக்ளே பிரிண்ட்" என்று பிரெஞ்சுப் பெயர் சொல்லி மிரட்டினால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பிரிண்டர் மையைப் பீய்ச்சி அடிப்பதற்கு 1991-ல் அமெரிக்காவில் வைத்த செல்லப் பெயர் அது. அர்த்தமே "பீய்ச்சுதல்"தான்!

முதல் வகைக்கு விலை அதிகம். இரண்டாம் வகைக்கு, தாளுக்கும் மைக்கும் சட்டத்துக்கும் உண்டான விலைதான். இரண்டாம் வகையைக் கொடுத்து முதல் வகை விலையை வாங்கினால் அது ஏமாற்று.

காசு யாருக்கு?

இன்டர்நெட்டில் ஒரு படத்தை எடுக்கிறார்கள். பிளெக்ஸ் அடிக்கும் இடத்திலேயே கேன்வாஸ் துணியில் அடிக்கிறார்கள். மாட்டி விடுகிறார்கள். வரைந்தவருக்குச் சல்லிக்காசு போவதில்லை. பல சமயம் பேர் கூடப் போவதில்லை.

இந்தியாவில் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் உயிரோடு இருக்கும் வரைக்கும், இறந்த பிறகு 60 வருஷத்துக்கும் படத்தின் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உண்டு.

மாலெவிச் 1935-ல் இறந்தார். கோடும் வட்டமுமாக வரைந்த இன்னொரு ரஷ்யர் கான்டின்ஸ்கியும், மோந்திரியானும் 1944-ல் இறந்தார்கள். இந்த மூவரின் படங்களை இங்கே யாரும் அச்சடிக்கலாம். சதுரத்துக்குள் சதுரமாகவே ஆயிரத்துக்கும் மேல் வரைந்த ஜோசப் ஆல்பர்ஸ் 1976-ல்தான் இறந்தார். 2036 முடியும் வரை உரிமை இருக்கிறது. பணிக்கர் படங்களுக்கு 2037 வரை. ராசா படங்களுக்கு 2076 வரை. இவர்களுடைய படங்களை அனுமதி வாங்கித்தான் அடிக்க வேண்டும்.

சோழமண்டலத்தில் துணிக்குச் சாயம் போட்டுச் சோறு தின்ற ஓவியர்களை நினைத்தால், அனுமதி பெற்ற அச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது ஏன் நியாயம் என்று புரியும்.

வாங்கப் போகிறீர்களா?

கடைக்குப் போகும்போது இந்த எட்டு விஷயத்தையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்:-

1. பெயர் கேளுங்கள். "யார் வரைஞ்சதுண்ணே? படத்துக்குப் பேர் என்ன?" இந்த இரண்டும் தெரிந்தால், சரியான படம்தானா, முழுப் படமா, எது மேல் பக்கம் என்பதைப் போனிலேயே பார்த்துக் கொள்ளலாம். மியூசியங்களின் இணையப் பக்கத்தில் படத்தின் அளவு கூட இருக்கும்.

2. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் மிஷின் அச்சு. கையால் வரைந்ததில் பிரஷ் போன தடம் இருக்கும். அச்சுக்கு மேல் பசையைத் தடவித் தூரிகைத் தடம் மாதிரி மேடு வைக்கும் தந்திரமும் உண்டு. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், மேடு ஒரு பக்கமும் வண்ணம் ஒரு பக்கமும் போவது தெரிந்து விடும்.

3. சதுரம் சதுரமாக இருக்கிறதா? சாமி படத்தை ஒரு இஞ்ச் இழுத்து அடித்தால் முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும், அவ்வளவுதான். கோட்டுப் படத்தில் அப்படி இல்லை. இழுத்தால் சதுரம் செவ்வகமாகும், வட்டம் முட்டையாகும். சட்டத்தின் அளவுக்காக ஓரத்தை வெட்டினாலும் கெட்டது. மோந்திரியான் படங்கள் சிலவற்றில் கறுப்புக் கோடு ஓரத்தைத் தொடாமல் சற்று முன்னேயே நிற்கும். வெட்டினால் அந்த நிறுத்தமே காணாமல் போகும்.

4. கோட்டின் ஓரம் கூர்மையா? ரம்பப் பல் மாதிரித் தெரிந்தால் சின்னப் படத்தை ஊதிப் பெரிசாக்கி இருக்கிறார்கள். இரண்டடிக்கு மூன்றடி படம் பக்கத்தில் நின்று பார்த்தாலும் பளிச்சென்று இருக்க, இஞ்சுக்கு 300 புள்ளி வேண்டும். அதாவது 7,200-க்கு 10,800 புள்ளி. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அடித்தால் எப்படி வரும் என்று நீங்களே பாருங்கள்.

5. என்ன மை? சாய மை பளபளக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். நிறமி மை கூடுதல் காலம் தாங்கும். எந்த மையானாலும் மதுரை வெயிலுக்கு நேராக மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப் போனால் கோட்டுப் படத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை.

6. சட்டத்துக்குள் பாருங்கள். படம் கண்ணாடியில் நேராக ஒட்டக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் ஈரம் ஏறி, தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கொள்ளும். பிரித்தால் கிழியும். மட்டமான அட்டையில் அமிலம் இருக்கும். சில வருஷத்தில் ஓரம் பழுப்பாகும். "ஆசிட் இல்லாத அட்டை வைங்கண்ணே" என்று கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் நாலு மூலையும் சந்து தெரியாமல் சேர்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பின் பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டி அடைத்திருந்தால் பூச்சியும் தூசியும் போகாது.

7. சுவரைப் பாருங்கள். ஈரம் கசிந்து உப்புப் பூத்த சுவரில் மாட்டினால், பின் பலகை உப்பி, கரையான் வரவும் வழி உண்டு. பின்னால் நாலு மூலையிலும் ஒரு ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

8. பில் வாங்குங்கள். பில்லில் "அச்சு" அல்லது "கையால் வரைந்தது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே புரிந்து விடும். ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். மதுரையிலும் அந்த ஆணையம் இருக்கிறது. பில் இல்லாமல் போனால் கையை விரித்துக் கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

பஸ்சில் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி மேல் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒட்டும் டேப்பை ஒட்டி விடுங்கள். உடைந்தாலும் சில்லு சிதறாது. படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கொண்டு போங்கள்.

ரசமட்டம் கொண்டு வா!

வீட்டுக்கு வந்தாயிற்று. இனி மாட்ட வேண்டும்.

சாமி படத்தைத் தலைக்கு மேலே, கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டுவது வழக்கம். கும்பிடுகிறவரைச் சாமி குனிந்து பார்க்க வேண்டும் என்பது கணக்கு. கோட்டுப் படத்துக்கு அது வேண்டாம். படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து ஏறக்குறைய நாலே முக்கால் அடி உயரத்தில், நிற்கிறவர் கண்ணுக்கு நேராக வந்தால் போதும். மியூசியங்களிலும் ஏறக்குறைய அதுதான் அளவு.

ஒரு ஆணி போதாது. இரண்டு ஆணி அடியுங்கள். மின்விசிறிக் காற்றிலும் கதவைச் சாத்தும் அதிர்விலும் ஒற்றை ஆணிப் படம் சாயும். முருகன் படம் அரை இஞ்ச் சாய்ந்தால் யாருக்கும் தெரியாது. கட்டம் போட்ட படம் நூலளவு சாய்ந்தாலும் வருகிறவர் போகிறவர் எல்லாம் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள்.

அதற்குத்தான் கொத்தனாரின் ரசமட்டம் இருக்கிறது. படத்தின் மேல் சட்டத்தில் அதை வைத்தால், குமிழி நடுவில் வந்து நிற்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலை பாக்கி. படத்தைத் திருப்பிப் பின் பலகையில் பேனாவால் நாலு வரி எழுதி வையுங்கள். படத்தின் பெயர். வரைந்தவர் பெயர். "அச்சு" என்ற ஒரு சொல். வாங்கிய தேதி. மேல் பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி.

நாளைக்கு வெள்ளை அடிக்க வருகிற ஆள் கழற்றினால் சரியாகத் திருப்பி மாட்டுவார். பேரன் பேத்தி அசல் என்று நம்பி ஏலத்துக்குத் தூக்கிக் கொண்டு ஓட மாட்டார்கள்.

மேலூரில் இருந்து அப்பத்தா வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, "இது யாரு வரைஞ்சதுப்பா?" என்று கேட்டால் பேரனுக்குப் பதில் சொல்லத் தெரியும். "ஹாலந்துக்காரர் ஒருத்தரு அப்பத்தா. இது அச்சுதான். நீங்க வாசல்ல போட்டீங்கள்ல, அதுதான் அசலு!"